நூறு நாள் ராஜா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எடுத்து அனுப்பிய களிமண் பலகையைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து. இன்றைய ஈராக்கில் இருந்த அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைக்கு வானம் பார்க்கும் பண்டிதர்கள் எழுதியது என்றாயே, அன்றிலிருந்து நூலகத்திலேயே கிடக்கிறேன். அம்மா திட்டுகிறாள்.

பிறை பார்த்துத் தொடங்கும் மாதத்தின் 14ஆம் நாள் சூரியனும் நிலவும் ஒருசேரத் தெரிந்தால் நாடு செழிக்கும், மாடுகள் மேய்ச்சல் காட்டில் பயமில்லாமல் படுத்திருக்கும் என்று எழுதுவார்களாம். ஒரு நாள் தள்ளினால் பகைவன் ஆயுதம் எடுப்பான்.

கிரகணம் வந்தால்தான் கதி கலங்கும். நிலவை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு நாட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நிழல் நம் பங்கில் விழுந்தால் நம் மன்னனுக்குச் சாவு. அந்நேரம் வியாழன் தெரிந்தால் பிழைத்தான். அரசுரிமையைக் கொடுத்தது தெய்வம் என்றால், திரும்பக் கேட்கும் நோட்டீசும் மேலேயிருந்துதானே வரும்!

அசீரிய மன்னன் எசரத்தோன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தான். வேறொருவனுக்கு முடிசூட்டி, ஒரு பெண்ணை ராணியாக்கி, அதிகபட்சம் நூறு நாள் அரியணையில் உட்கார வைப்பது. கெட்டதெல்லாம் அவன் தலையில். அதுவரை நிஜ மன்னனுக்கு வரும் கடிதங்களில் ‘என் எஜமானரான விவசாயிக்கு’ என்றுதான் விளித்தார்கள். கெடு முடிந்ததும் மாற்று ராஜா ‘தன் விதியிடம் போவான்’. அதாவது, கொன்றுவிடுவார்கள்.

கி.மு. 671 கிரகணத்துக்குப் பிறகு அப்படிப் போனவன் தம்கி, அக்காத் நகரத்துக் கோயில் அதிகாரியின் மகன். அலங்கரித்து, ஒப்பாரி வைத்துப் புதைத்தோம், ஊர் மிரண்டு கிடக்கிறது என்று மன்னனின் ஆள் எழுதியிருக்கிறான். கூடச் செத்த ராணியின் பெயரை எழுதவில்லை. பெண்ணைப் பெற்றவன் நான், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நானும் ஏழு மாதம் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தவன்தான். சம்பளம் ஏறவில்லை, ஆனால் உயிரோடு அனுப்பினார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலே முந்தி, இசின் நகரத்து மன்னன் எர்ரா-இமித்தி தன் தோட்டக்காரன் என்லில்-பானியை இப்படி உட்கார வைத்தான். உட்கார வைத்தவன் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி குடித்துச் செத்துப்போனான் என்று பழைய ஏடு சொல்கிறது. தோட்டக்காரன் எழுந்திருக்கவே இல்லை, 24 வருஷம் ஆண்டான்.

உன் மேனேஜர் லீவாம், நீதான் பொறுப்பாம், அம்மா சொன்னாள். சரி, அவர் என்றைக்குத் திரும்புகிறார்?

அப்பா