மே வேண்டாம், பொங்கலுக்கு வா

டேய் மச்சான்,

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஃபீஸ் பற்றி நீ புலம்பியிருந்ததை மட்டும் வீட்டில் படித்துக் காட்டவில்லை, அடுத்த வருஷம் இங்கேயும் அதே கதைதான்.

சரி, படகு விஷயம். மே மாதம் நாலு நாள் லீவு, பினாங்கில் ஏறி லங்காவியில் இறங்கி ஞாயிறு ராத்திரி விமானம் என்று எழுதியிருக்கிறாய். பாய்மரப் படகை டவுன் பஸ் என்று நினைத்துவிட்டாயா?

கணக்கைப் பார். சுமார் 60 கடல் மைல். மணிக்கு 5 மைல் ஓடினால் பெரிய விஷயம், ஆக 12 மணி நேரம். இங்கே பகலே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் புறப்படுவதோ போய்ச் சேர்வதோ, ஏதாவது ஒன்று இருட்டில்தான் நடக்கும். இருட்டில் இந்த மலாக்கா நீரிணையில் மீன் வலைதான் பெரிய தொல்லை: மிதவையில் ஒரு கம்பு, அதில் கறுப்புத் துணி, பல வலைகளுக்கு விளக்கே கிடையாது. கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் யாராவது கத்தியோடு தண்ணீரில் குதிக்க வேண்டும், அந்த யாராவது எப்போதும் நான்தான்.

அப்படியானால் விடிவதற்குச் சற்று முன்னால் நங்கூரத்தைத் தூக்கலாமே என்பாய். மே மாதத்தில் அந்த நேரத்துக்குத்தான் 'சுமத்ரா' என்று இங்கே சொல்லும் சூறைக்காற்று வரும். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா தீவுப் பக்கம் ராத்திரி இடிமேகம் வரிசையாகத் திரண்டு, நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் நம் கரையில் வந்து மோதும். ராத்திரி முழுக்க இலை அசையாத புழுக்கம், தென்மேற்கே தூரத்தில் சத்தமில்லாத மின்னல். அப்புறம் திடீரென்று உடம்பு குளிரும், அடுத்த சில நிமிஷத்தில் மணிக்கு 70 கி.மீ. காற்று, முன்பக்கம் கூடத் தெரியாத மழை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓய்ந்துவிடும். மின்னல் நெருங்கினால் நான் போன், கையடக்க ஜிபிஎஸ் எல்லாவற்றையும் அடுப்பு ஓவனுக்குள் வைத்து மூடிவிடுவேன், இரும்புப் பெட்டிக்குள் இருந்தால் பிழைக்கும் என்று படகுக்காரர்கள் நம்பிக்கை. (பற்ற வைப்பதற்கு முன் வெளியே எடுக்க வேண்டும்!) போன் ஆப்பில் காட்டும் காற்று அம்பை நம்பாதே, இந்த மாதிரி மேகம் அதில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. தூங்கப்போகும் முன்னும் எழுந்ததும் வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பார்ப்பதுதான் வழி.

வழியில் பாயார் தீவு இருக்கிறது. கடல் பூங்கா என்பதால் பவளத்தின் மேல் நங்கூரம் போடக்கூடாது, மிதவையில் கட்டலாம். ஆனால் திறந்த கடலில் கிடக்கும் குட்டித் தீவு, சுமத்ரா அடிக்கும்போது அங்கே மாட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை.

அதனால் பொங்கல் லீவுக்கு வா. ஜனவரியில் வடகிழக்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரம் அலை எழும்பாது, வலப்பக்கத்திலிருந்து பாயில் சீராக விழும். மதியத்துக்கு மேல் காற்று செத்தாலும் செத்துவிடும், அப்புறம் என்ஜின்தான். போகிற வழியில் வலப்பக்கம் ஜெராய் மலை தெரியும், 1,217 மீட்டர். கடாரம் அதன் அடிவாரம்தான். நம் ஊர்க் கப்பல்கள் அந்த மலையைக் குறிவைத்துத்தான் வந்தன, திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. நீ நாலு நாளில் போய் வர வேண்டும் என்கிறாய்.

கூடுதலாக மூன்று நாளாவது லீவு கேள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றுகிற மாதிரி போடு. ராத்திரி ரேடாரில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் பினாங்கிலேயே உட்கார்ந்து நாசி கண்டார் (கறிக்குழம்பு ஊற்றிய சோறு) சாப்பிடுவோம், அதற்கு நீ முகத்தைத் தூக்கக்கூடாது. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது, படகில் ஏணி செங்குத்து.