எந்தப் பாதியை முதலில் எடுப்பது?

குன்னூர்,
டிசம்பர் கடைசி வாரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். காரைக்குடி வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடாமல் வெளியே கிளம்பாதே.

இங்கே எல்லோரும் நலம். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் பெரிது. வெயில் தலைகாட்டியதும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன். மராமத்தை இனிமேல் தள்ளிப்போட முடியாது. ஆனால் ஒதுக்கி வைத்திருக்கும் பணம் வீடு முழுக்கப் போதாது, பாதி வேலைக்குத்தான் வரும். எந்தப் பாதி என்பதில் எனக்கு உன் யோசனை வேண்டும். பூர்வீக வீட்டைப் பக்கத்தில் இருந்து பழுது பார்த்தவன் நீ. இந்த விஷயத்தில் வேறு யாரையும் நான் இவ்வளவு நம்ப மாட்டேன்.

முன்பக்கத்து இரண்டு அறையும் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். கருங்கல் அஸ்திவாரம், சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த செங்கல் சுவர், மங்களூர் ஓடு, தரையில் மரப்பலகை. பின்னால் இருக்கும் சமையலறையும் குளியலறையும் பிற்பாடு ஒட்டியவை, மேலே கூரையாகக் கான்கிரீட் தளம். எங்களுக்கு விற்றவர், விற்பதற்கு முன் பழைய சுவரின் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார். இப்போது சுவரில் ஈரம் ஊறி முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறியிருக்கிறது. பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது, உப்புப் பூத்து உதிர்கிறது, தட்டினால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த சத்தம் கேட்கிறது.

வந்து பார்த்த கொத்தனார்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: உரிந்ததைச் சுரண்டிவிட்டு வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடித்து, மறுபடி சிமெண்ட் பூசுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் வெளியேயும் விட்டுவிடும். அதன் வாயை சிமெண்ட் கொண்டு அடைத்தால் ஈரம் எங்கே போகும்? மேலே மேலே ஏறும். இன்னும் கெட்டியாக அடைத்தால் இன்னும் மேலே ஏறும்.

சுவரைத் தொடுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது வேறு இருக்கிறது என்று படுகிறது. மழை நாளில் குடையோடு நின்று தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று பார்த்தேன். புகைபோக்கி கூரை ஓடுகளைத் தொடும் இடத்தில் காரை வெடித்து உள்ளே இறங்குகிறது. ஓட்டு விளிம்பில் தண்ணீரைப் பிடிக்கும் தகரக் காடி வடக்கு மூலையில் துருப்பிடித்து ஓட்டையாகி, அத்தனையும் சுவரின் காலடியிலேயே கொட்டுகிறது. ஓதம் மோசமாக இருப்பதும் அதே மூலையில்தான். போதாததற்குப் பூச்செடிக்காக முன்பு யாரோ சுவரை ஒட்டி மண்ணை மேடாக்கியிருக்கிறார்கள். மரத்தளத்துக்கு அடியில் காற்றுப் போக விட்டிருந்த ஓட்டைகள் அந்த மண்ணில் புதைந்துவிட்டன. படுக்கையறைப் பலகை இரண்டு காலுக்கடியில் அமுங்குவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

காடியை மாற்றுவது, புகைபோக்கியடியில் காரை வைப்பது, ஒடிந்த ஓடும் அதைத் தாங்கும் உளுத்த ரீப்பர் கட்டையும் மாற்றுவது, மண்ணை வெட்டி எடுப்பது: இவ்வளவும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. இதைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்த்தால், சுவரில் எவ்வளவு ஓதம் மண்ணிலிருந்து வருகிறது, எவ்வளவு மேலிருந்து விழுந்தது என்று பிரித்துத் தெரியும். பூச்சு வேலையை அதன் பிறகு முடிவு செய்யலாம் அல்லவா?

வீட்டில் சமையலறையைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறாள். அவள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. குளிர்காலக் காலையில் அடுப்புக்கு மேல் தளத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. தளம் ஒழுகுகிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு பாலிதீன் துண்டைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். மறுநாள் அறைப் பக்கம்தான் முத்து முத்தாக நீர், தளத்தைத் தொடும் பக்கம் காய்ந்தே இருந்தது. அடுப்பு ஆவி குளிர்ந்த கான்கிரீட்டில் பட்டுத் தண்ணீராகிறது, அவ்வளவுதான். நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் தளத்துக்குக் கீழே குளிர் தாங்கும் ஒரு சீலிங்கும் போட்டால் தீரும் என்று நினைக்கிறேன். மேடையும் அலமாரியும் அடுத்த வருஷம் மாற்றலாம் என்றால் அவளும் ஒத்துக்கொள்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

பையனுக்கு மேலே ஒரு மாடி எடுத்து சீசனில் வாடகைக்கு விட வேண்டும் என்று ஆசை. மலையில் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. கூடுதலாக ஒரு அறை கட்டுவதானாலும் அனுமதி வாங்க வேண்டும். விதியை விடு, எனக்குப் பயம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல் தடுப்புச் சுவர்தான். அதில் நீர் வடிய விட்ட குழாய்கள் பாதி அடைத்துப் போய்விட்டன. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனதை நாங்கள் மறக்கவில்லை. தண்ணீர் ஊறிய மண் அந்தச் சுவரைத் தள்ளினால் மாடி என்ன, வீடே நிற்காது. எந்தப் பாதியை எடுத்தாலும் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்வது முதல் நாள் வேலை. அதில் விவாதமே இல்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. சிமெண்டை எடுப்பதானால் வெளிப்பக்கம் கீழே ஒரு மீட்டர் உயரத்துக்கு மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு பூசினால் போதுமா, உள்ளேயும் எடுக்க வேண்டுமா? கொத்தும்போது பழைய செங்கல்லின் முகம் பெயர்ந்துவிடாமல் உங்கள் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள்? உங்கள் ஊரில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றுவார்கள். எனக்கு அந்த மெருகு வேண்டாம், ஈரம் வெளியேறினால் போதும். ஆனால் சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும். உங்கள் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடாமல் நனைத்துக்கொண்டே இருப்பீர்கள். இங்கே தலைகீழ். மூடுபனியில் நாள் கணக்கில் காயவே காயாது. ஜனவரிக் காலையில் புல்மேல் உறைபனிகூட விழும், ஈரப்பூச்சு அதைத் தாங்குமா? பிப்ரவரி நடுவில் தொடங்கி, மெல்லிய பூச்சாக இடைவெளி விட்டுப் பூசினால் சரியாக வருமா? ஏப்ரல் பிறந்தால் ஆள் கிடைக்காது, எல்லோரும் காட்டேஜ் வேலைக்குப் போய்விடுவார்கள். மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும், அதனால் அளவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உன் கொத்தனாரிடம் கலவைக் கணக்கைக் கேட்டு எழுது. எழுதுவதைவிட, டாக்டர் சரி என்றால் பிப்ரவரியில் நீயே தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வந்துவிடு. மேட்டுப்பாளையத்துக்கு நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். சுவரை நீ ஒருமுறை தட்டிப் பார்த்துச் சொல்லும் வரை சுத்தியலை எடுக்க விட மாட்டேன்.

அன்புடன்,
உன் நண்பன்