பழைய பஸ் நிலையக் கழிப்பறையை இரவிலும் திறந்து வைக்கவும், கழற்றிய குழாயைத் திரும்பப் பொருத்தவும் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய பஸ் நிலையத்தில் இரவு உணவு வழங்கும் தமிழ்க் கிறிஸ்தவ சபைத் தொண்டர்களும், உடன் கையெழுத்திட்டுள்ள கடைக்காரர்கள், பொதுமக்களும்.

பெறுநர்:
தலைவர் அவர்கள், மாவட்ட மன்றம்.

பொருள்: இரவு 7 மணிக்குப் பூட்டப்படும் பொதுக் கழிப்பறை, தலை கழற்றப்பட்ட தண்ணீர்க் குழாய் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களைத் தங்கள் அலுவலக முகப்பில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. போய்க் கேட்டால் "மேலே அனுப்பியாச்சு" என்கிறார்கள். மேலே என்றால் தாங்கள்தான் என்று நம்பி, இந்த முறை தங்களுக்கே நேராக எழுதுகிறோம். மலாய் மொழியில் எழுதிய பிரதி இத்துடன் உள்ளது. இதில் கைநாட்டு வைத்த பெரியவர்கள் பலருக்குத் தமிழில்தான் வாசித்துக் காட்டினோம் என்பதால், அவர்கள் கேட்டு ஒப்புக்கொண்ட தமிழ் மனுவையும் சேர்த்தே தருகிறோம்.

இடம் தாங்கள் அறிந்ததுதான். பாசாருக்குப் பின்பக்கம், லாரிகள் நிற்கும் திடலை ஒட்டியது. புதுப் பஸ் முனையம் திறந்த பிறகு அங்கே பஸ் வருவதில்லை. கூரையும் சிமெண்டு பெஞ்சுகளும் மட்டும் மிச்சம். வீடில்லாதவர்கள் அந்தக் கூரைக்குக் கீழும், எதிர்வரிசைக் கடைகளின் ஐந்தடி நடைபாதையிலும் படுக்கிறார்கள்.

1. நாங்கள் சபையின் தெரு ஊழியத்தில் இருப்பவர்கள். எங்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் உண்டு, தாதி உண்டு, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவரும் உண்டு. செவ்வாயும் சனியும் இரவில் சோறு கொண்டுபோகிறோம். எங்கள் சமையலில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. கோழி ஹலால் கடையில் வாங்குவது. பொட்டலத்தோடு துண்டுப் பிரசுரம் எதையும் நாங்கள் வைப்பதில்லை. யாராவது ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபிக்கிறோம், அவ்வளவுதான். அங்கே மலாய்க்காரர்களும் சீனரும் படுக்கிறார்கள், அவர்களும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அன்னதானம். சோற்றைப் பொறுத்தவரை இந்தப் பட்டணத்தில் யாரும் கை விரிக்கவில்லை. ஆகவே சோற்றுக்காகத் தங்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

2. "வெளியூர்க்காரர்கள்" என்று முகப்பில் சொன்னார்கள். அது தவறு. அங்கே படுக்கிற வயதானவர்களில் பெரும்பாலோர் நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள். வேலை இருந்தவரை லயத்து வீடு இருந்தது. வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தோட்டமும் கைமாறித் தாமான், அதாவது குடியிருப்பு வீடமைப்பு, ஆகிவிட்டது. சேமநிதிப் பணம் பிள்ளைகளின் கல்யாணத்திலும் மருத்துவத்திலும் கரைந்துபோனது. சிலர் கையில் இன்னும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை), அதை வைத்துக்கொண்டு உதவித்தொகைக்கு அலைகிறார்கள். தோட்ட முதலாளி தன் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் போட்டார்கள். அப்படி லயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்தான் இன்று பட்டணத்தில் ஒரு குழாய்க்குக் காத்திருக்கிறார்கள்.

3. இனி எங்களை மிகவும் வருத்தும் விஷயம். கழிப்பறை இரவு 7 மணிக்குப் பூட்டப்படுகிறது, காலை 7 மணிக்குத் திறக்கிறது. அதன் வெளிச்சுவரில் இருந்த குழாயின் தலையைச் சென்ற தீபாவளிக்கு முன்பு கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே நீட்டிக்கொண்டிருப்பது மரக்கட்டை அடைத்த ஒரு இரும்பு முனை.

கையால் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் தேவை கை கழுவத் தண்ணீர். நாங்கள் வீட்டிலிருந்து போத்தல்களில் கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். பகலெல்லாம் பாசாரில் மீன் பெட்டி தூக்கியவர் அந்த ஒரு மடக்குத் தண்ணீரில் கை கழுவிவிட்டுச் சோற்றைத் தொட வேண்டும். நாங்கள் வராத இரவுகளில் அதுவும் கிடையாது.

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு பாட்டி அங்கே இருக்கிறார். எல்லாரும் அவரை ஆயா என்றே கூப்பிடுகிறார்கள். சோற்றை வாங்கிக்கொள்வார், தே ஓ (பால் இல்லாத தேநீர்) கொடுத்தால் மட்டும் கையால் தள்ளிவிடுவார். "வேணாம்யா, குடிச்சா ராத்திரி எங்க போறது?" என்பார். மத்தியானத்துக்கு மேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. நம் ஊர் வெயிலில், அந்த வயதில், பூட்டுப் போட்ட ஒரு கதவை நினைத்துத் தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறார்.

இன்னொரு பெரியவருக்கு இதயக் கோளாறு. கால் வீங்காமல் இருக்கக் கிளினிக்கில் தண்ணி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும். கழிப்பறை பூட்டத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களோடு வரும் தாதி பார்த்தபோது அவர் சட்டைப் பையில் பிரிக்காத அட்டைகள் இருந்தன. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மருந்து இலவசம், மருத்துவர் பார்க்கிறார், ஆனாலும் பூட்டின் காரணமாக அந்த மருந்து அவர் உடம்புக்குள் போகவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, ஐயா?

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களும் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த நோய். அது உள்ளவர்கள் இரவில் பல தடவை எழுந்திருக்க வேண்டும் என்பது தங்கள் அலுவலகத்திலும் பலருக்குத் தெரிந்திருக்கும். காலில் புண் வந்தால் தினமும் கழுவிக் கட்ட வேண்டும். எதைக் கொண்டு கழுவுவது? மழை நேரத்தில் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைத் தகரத்தில் பிடித்துப் புண் கழுவினார் ஒருவர். அதை நேரில் பார்த்தோம்.

பெண்களைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. அவசரம் என்றால் இருவராகச் சேர்ந்து லாரிகளுக்குப் பின்னால் போகிறார்கள், ஒருவர் நின்று காவல் காக்கிறார். அந்தத் திடலில் விளக்கு இல்லை. மாதவிடாய் நாட்களில் இருக்கும் பெண்ணும் அங்கேதான் போகிறார்.

4. எங்களிடம் வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்ட காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். போதைப் பித்தர்கள் கதவை உடைக்கிறார்களாம். ஒரு கதவு உடைந்தது உண்மை. உடைத்தவர்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள், தண்டனை மட்டும் ஆயாவுக்கு. லாரி கழுவத் தண்ணீரைத் திருடுகிறார்களாம். அப்படியானால் ரப்பர் குழாய் மாட்ட முடியாத, அழுத்திப் பிடித்தால் மட்டும் தண்ணீர் வரும் குழாயைப் போடலாமே. அது எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.

சோறு போடுவதால்தான் கூட்டம் சேருகிறது என்றும் ஒருவர் சொன்னார். 2014இல் கோலாலம்பூரில் நகர மையத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவில் உணவு வழங்கக் கூடாது என்று அமைச்சர் அறிவித்தபோதும் இதையேதான் சொன்னார்கள். நாடே எதிர்த்தது. சோற்றை நிறுத்தினால் வீடு வந்துவிடுமா? பசிதான் வரும்.

அப்புறம், ஆதரவற்றோருக்கான அரசு இல்லங்கள் இருக்கும் மெர்சிங்குக்கோ ஜெராண்டுட்டுக்கோ அனுப்பிவிடலாமே என்கிறார்கள். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவோடு அரசு இல்லத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது, அது எங்களுக்கும் தெரியும். போக விரும்புகிறவர்களுக்குச் சமூக நல இலாகாவின் பாரங்களை நாங்களே நிரப்பித் தருகிறோம். ஆனால் காலையில் பாசாரில் மங்கு கழுவிக் காசு பார்க்கிறவர், கிளினிக்கில் தேதி வாங்கி வைத்திருக்கிறவர், புருஷனைப் புதைத்த ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறவர் இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? போகிறவர்களும் போகும் நாள்வரை இரவில் எங்கே ஒதுங்குவது?

5. ஐயா, நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. மானியம் கேட்கவில்லை. இருக்கிற கழிப்பறையைத் திறந்து வையுங்கள் என்கிறோம். கழற்றிய குழாயை மாட்டுங்கள் என்கிறோம். இதற்கு எத்தனை கூட்டம் போட வேண்டும்? எத்தனை மேசை தாண்ட வேண்டும்? அமலாக்கப் பிரிவு லாரி எங்கள் சோற்றுப் பாத்திரத்தைப் பார்க்க உடனே வருகிறது, வந்து எங்கள் ஐசியைக் குறித்துக்கொள்கிறது. அதே லாரியில் ஒரு பைப்புக்காரரை ஏற்றிவர ஏன் முடியவில்லை? கோபமாக எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். இல்லை, கோபம்தான். ராத்திரி அந்தப் பாட்டி தேநீரைத் தள்ளுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க எங்களுக்குத் தொண்டை இறங்கவில்லை.

6. ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். கழிப்பறையை இரவு முழுவதும் திறந்து வைக்க உத்தரவிடுங்கள். குழாயைப் பொருத்தச் சொல்லுங்கள். திடலில் ஒரு விளக்குப் போடுங்கள்.

இரவுக் காவலுக்கு ஆள் இல்லை என்றால் சாவியை எங்களிடம் தாருங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம். முறை வைத்துத் திறப்போம், கழுவுவோம், எதாவது உடைந்தால் அன்றைக்கே தெரியப்படுத்துவோம். தண்ணீர்க் கட்டணம்தான் தடை என்றால் அந்தக் குழாய்க்குத் தனி மீட்டர் வையுங்கள், பில்லைச் சபை கட்டும். இதற்குச் சபைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது, அந்தக் கடிதமும் இணைப்பில் உள்ளது. எதிர்வரிசைக் கடைக்காரர்களின் கையெழுத்தும் உள்ளது. காலையில் கடை திறக்கும்போது ஐந்தடியைக் கழுவி விடுகிறவர்கள் அவர்கள்தான்.

தாங்கள் நேரில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம். ஈப்போவுக்குப் போகும் கடைசி பஸ் முன்பு நின்ற மூன்றாம் நடைமேடையில்தான் சோறு பரிமாறுகிறோம். வர முடியாவிட்டால் ஒரு அதிகாரியையாவது அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால், முடியாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நாங்கள் மாநில அரசிடம் போகிறோம். பதிலே இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா.

கழிப்பறையைத் திறந்து விடுங்கள். குழாயைத் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சபையின் தெரு ஊழியத் தொண்டர்கள்

இணைப்பு: மலாய்ப் பிரதி, முத்திரையிட்ட முந்தைய மனுக்களின் நகல்கள், சபைக் குழுவின் ஒப்புதல் கடிதம், கழிப்பறை, குழாய்ப் படங்கள், கையெழுத்தும் கைநாட்டும் உள்ள தாள்கள்.