தாடி முளைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மந்திரப் பள்ளி நாவல்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த வகைக் கதைகளே 1997இல் ஹாரி பாட்டரோடுதான் பிறந்தன என்கிற தொனியில் போகிறது கட்டுரை. அதற்கு 29 ஆண்டுகள் முன்பே, 1968இல், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' எழுதிவிட்டார். 1974இல் வந்த ஜில் மர்ஃபியின் 'தி வொர்ஸ்ட் விட்ச்' நடப்பதும் சூனியக்காரச் சிறுமிகளின் பள்ளியில்தான்.

சரி, ஆண்டுக்கணக்கு யாருக்கும் தவறலாம். பின்னால் வந்த பல நாவல்கள் ஒரே அச்சில் வார்த்தவை என்பதும் உண்மைதான். ஆனால் கோலை ஆட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்று இவை பிள்ளைகளை நம்பவைக்கின்றன என்ற வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லெ குவினுக்கு எர்த்சீ கதை ஒரு குறும்பான கேள்வியிலிருந்து வந்தது. மந்திரவாதி என்றாலே நரைத்த தாடியோடு வருகிறாரே, தாடி முளைக்கும் முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? படித்துக்கொண்டிருந்தார், வேறென்ன! ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்கு வரும் கதாநாயகன் கெட், ஆடு மேய்த்த பையன். அங்கே ஒரு கோபுரத்தில் பொருள்களின் உண்மைப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக நெட்டுருப் போடுகிறான். நள்ளிரவானால் மை மறைந்து தாள் வெறுமையாகிவிடும். தேர்வுக்கு முந்தின ராத்திரியை அனுபவித்தவர்களுக்கு இதில் கற்பனை என்று எதுவுமே தோன்றாது.

அப்புறம், சீண்டிய மூத்த மாணவனிடம் வீம்பு காட்ட, செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் பாய்ந்து வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்துகொண்ட அந்தப் பிளவை மூடுவதில் பள்ளியின் தலைவருக்கு உயிரே போகிறது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தவனுக்கு முகத்தில் தழும்பு மிஞ்சுகிறது; கூடப் படித்தவர்களோ எங்கோ முன்னால் போய்விட்டார்கள். கட்டுரையாளர் இந்த நாவலைப் புரட்டியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. அந்தப் பள்ளிக்குள் நுழைய, வாயில்காப்பவரிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும். படிப்பை முடித்து வெளியேற, அவருடைய பெயரைச் சொல்ல வேண்டும். கற்ற வித்தை எதுவும் அவரிடம் பலிக்காது. கெட் நெடுநேரம் உட்கார்ந்து யோசிக்கிறான். கடைசியில் நேரே போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்கிறான். அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்.

இதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். வயது பதினொன்று. "இவ்வளவுதானா? இதை முதல்லயே கேட்டிருக்கலாமே!" என்றாள். வகுப்பில் பின்னம் புரியாமல் மூன்று நாள் அழுதுகொண்டிருந்து, டீச்சரிடம் மட்டும் வாயே திறக்காதவள் அவள். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி