கோச்சிங் வேறு, மதிப்பீடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் அலுவலகங்களில் தரப்படும் கோச்சிங், அதாவது கேள்விகள் கேட்டு ஊழியரே தன் வேலைப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள உதவும் பயிற்சி, உயர் பதவிகளைத் தாண்டி, புதிதாக டீம் லீட் ஆனவர்கள் வரை வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அதை நடத்தும் விதத்தில் அடிப்படையான ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அமர்வில் பேசியது பதவி உயர்வை முடிவு செய்யும் கோப்புக்குப் போகிறது. அல்லது போகும் என்று ஊழியர் நினைக்கிறார். இரண்டிலும் விளைவு ஒன்றே: அவர் மனம் திறந்து பேச மாட்டார். எங்கே தடுமாறுகிறோம் என்று சொல்லாதவருக்கு எவ்வளவு திறமையான பயிற்சியாளராலும் உதவ முடியாது.

ஆகவே முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். ஊழியர், அவருடைய மேனேஜர், பயிற்சியாளர் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எதற்காக இந்தப் பயிற்சி, எத்தனை அமர்வுகள், முடிவில் கூட வேலை செய்பவர்களுக்கு என்ன மாற்றம் தெரிய வேண்டும் என்பவை மூவருக்கும் பொது. அமர்வுக்குள் பேசுவது ஊழியர், பயிற்சியாளர் இருவரோடு நிற்க வேண்டும். நிறுவனத்துக்கு அமர்வு நடந்த தேதியும் ஒப்புக்கொண்ட இலக்கும் மட்டும் போனால் போதும். சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியவை, உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற விதிவிலக்குகளையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். இடையில் முன்னேற்றத்தை அறிய விரும்பும் மேனேஜர், ஊழியரிடமே கேட்கட்டும். பயிற்சியாளரைத் தனியே அழைத்து, "ஆள் தேறுவாரா?" என்று விசாரிப்பதும், அவர் அதற்குப் பதில் சொல்வதும், அந்தப் பயிற்சியை அன்றே முடித்துவைக்கும்.

அடுத்தது இலக்கு. 'தலைமைப் பண்பு வளர வேண்டும்', 'கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்' என்று எழுதி அனுப்புகிறார்கள். ஆறு மாதம் கழித்து வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிகிற ஒரு செயலாக இலக்கு சுருங்க வேண்டும்: 'வாராந்திர மீட்டிங்கில் என் கருத்தைச் சொல்வதற்கு முன் மற்ற மூவரையாவது பேச வைப்பேன்.' ஒரு சுற்றுக்கு ஓர் இலக்கு, மிஞ்சினால் இரண்டு. ஐந்தாறு இலக்குகளோடு தொடங்கினால், இரண்டாவது மாதத்தில் எதையுமே யாரும் கேட்பதில்லை.

அமர்வில் உண்மையில் என்னதான் நடக்கிறது? வேலையைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாமல் திணறும் ஒரு டீம் லீடை எடுத்துக்கொள்வோம். "மற்றவர்களை நம்பப் பழகுங்கள்" என்று அறிவுரை சொன்னால் தலையசைப்பார். மறுநாளும் அதையே செய்வார். தேர்ந்த பயிற்சியாளர், "கடைசியாக எந்த வேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினீர்கள்?" என்று கேட்பார். ஓர் அறிக்கை என்று பதில் வரும். "அந்த வரைவில் என்ன குறை?" இரண்டாம் பக்க அட்டவணை தவறு. "அதை யார் திருத்தினார்?" நானேதான், இரவில். "வரைவை எழுதியவருக்கு அது தெரியுமா?" இந்தக் கேள்வியில்தான் பேச்சு நிற்கும். திருத்தம் நடந்ததே தெரியாதவர் அடுத்த மாதமும் அதே தவறைத்தான் செய்வார் என்பது டீம் லீடுக்குத் தானாகவே புலப்படும். அதிலிருந்து அடுத்த அடி பிறக்கும்: 'அடுத்த வரைவு வந்ததும் நானே திருத்த மாட்டேன், மூன்று குறிப்பு எழுதி அன்றைக்கே திருப்பி அனுப்புவேன்.' எந்தச் சூழல் வந்தால் எதைச் செய்வேன் என்று இப்படி முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, வெறும் தீர்மானத்தைவிட நிலைக்கும். பயிற்சியாளர் அந்தத் தீர்வைத் தானே சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும், பலன் போயிருக்கும்.

மேலே உள்ள கேள்விகள் எல்லாமே வேலையைப் பற்றியவை. "நீங்கள் ஏன் இப்படி?" என்ற கேள்வி ஓரிடத்திலும் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. பின்னூட்டம் (ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவருக்குச் சொல்லும் கருத்து) பற்றிய ஆய்வுகளைத் திரட்டிக் குளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பின்னூட்டம் சராசரியாகப் பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்தது தெரிந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆண்டு மதிப்பீட்டில் கேட்ட விமர்சனத்தை மனத்தில் சுமந்துகொண்டு வருபவரிடம் இதை நேரடியாகப் பார்க்கலாம். முதல் இரண்டு அமர்வுகள் அந்தக் காயத்தைப் பேசுவதிலேயே கரைந்துவிடும்.

கால அளவுக்கு வருவோம். 60 நிமிட அமர்வு, இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு முதல் எட்டு என்பது நல்ல தொடக்கம். முதல் பத்து நிமிடம் சென்ற முறை ஒப்புக்கொண்டதைச் செய்து பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கு. கடைசிப் பத்து நிமிடம் அடுத்த அடிக்கு. கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். பேச்சு சுவையாகப் போகிறது, நேரம் முடிகிறது, கையில் எதுவும் இல்லாமல் எழுந்து போகிறார்கள். மாற்றம் நடப்பது அமர்வில் அல்ல, இடைப்பட்ட இரண்டு வாரத்தில். பணியிட கோச்சிங் பற்றி 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அமர்வுகளின் எண்ணிக்கைக்கும் பலனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதில் இடம்பெற்ற ஆய்வுகள் 17 மட்டுமே என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அமர்வுகளைக் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

பயிற்சியாளர் வெளியாளா, உள்ளாளா? அதே 2016 ஆய்வில் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் தந்த பயிற்சியே கூடுதல் பலன் தந்தது. அலுவலகத்தின் போக்கு அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊழியரின் மதிப்பீட்டில் கையெழுத்திடுபவராக அவர் இருக்கக் கூடாது. வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. வெளியாளைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழைப் பாருங்கள். பயிற்சியாளர்களுக்குச் சான்று வழங்கும் இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தரும் தொடக்க நிலைச் சான்றான ஏ.சி.சி.க்கு 100 மணி நேரப் பயிற்சியளித்த அனுபவம் வேண்டும், அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 500 மணி நேரம். அதோடு நிற்காமல், அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு ஊழியரே இருவர் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த அரை மணியில் பயிற்சியாளரே அதிகம் பேசினால், அவர் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் கோச்சிங் மருந்தல்ல. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிறார் என்றால் தேவை ஆள். மென்பொருள் தெரியவில்லை என்றால் தேவை வகுப்பு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, பதற்றம் தணியவில்லை என்றால் தேவை மருத்துவர். வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்தபின் 'கடைசி வாய்ப்பு' என்று கோச்சிங்கில் சேர்ப்பது மிகக் கெடுதலான வழக்கம். அந்த நிறுவனத்தில் கோச்சிங்குக்கு அழைக்கப்பட்டாலே அடுத்தவர் வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

பலனை அளக்க, 'திருப்தியா?' என்ற படிவம் போதாது. தொடங்கும்போது ஊழியரே தேர்ந்தெடுத்த நான்கைந்து சக ஊழியர்களிடம் இலக்கை ஒட்டிய இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிவையுங்கள். கடைசி அமர்வுக்குப் பிறகு அவர்களிடமே அதே கேள்விகளைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னும் ஒருமுறை. பழைய பழக்கம் திரும்பியிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பணியிட கோச்சிங் துறையில் பணிபுரிவோர்