பைத்தான் வழிநடத்தும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியிலிருந்து ஒரு வசதியை நீக்குவதென்றால், அதற்கு முன் ஐந்து ஆண்டு எச்சரிக்கை தருவதைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு பதிப்பையும் ஐந்து ஆண்டு பராமரிக்கிறீர்கள். எச்சரிக்கைக்கோ இரண்டு வெளியீடுகள் போதும் என்பதுதான் குறைந்தபட்ச விதி. ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்ற கணக்கில் அது இரண்டே ஆண்டு.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 தமிழை வைத்து வேலை செய்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. பைத்தான் 2-இல் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் 'தமிழ்' என்று சாதாரணமாக எழுதி நீளம் கேட்டால், பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். 3-இல், யூனிகோட் குறியீடுகளை எண்ணி 5. (நமக்கு அது மூன்றெழுத்து, அது வேறு பஞ்சாயத்து.) அந்த மாற்றம் தேவையானதுதான். ஆனால் பைத்தான் 2-இல் யூனிகோட் சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) முன்னால் போடும் 'யூ' எழுத்தை 3.0 ஏற்க மறுத்தது ஏன்? அதனால் ஒரே கோப்பை இரண்டு பதிப்பிலும் ஓட்டுவது பெரும்பாடாகிப்போனது. பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் '2டு3' கருவி ஒரே மூச்சில் மாற்றித் தரும் என்றார்கள். நூலகங்களை (பிறர் தம் நிரலில் எடுத்தாளும் நிரல் தொகுப்புகளை) பராமரித்தவர்கள் பலருக்கு இரண்டிலும் ஓடும் நிரல்தான் தேவைப்பட்டது. அதற்காகவே 'சிக்ஸ்' நூலகம் வந்தது. கடைசியில் 2012-இல், 3.3 பதிப்பில், 'யூ' திரும்பி வந்தது. 2015-இல் முடிய வேண்டிய பைத்தான் 2-இன் ஆயுளும் 2020 வரை நீண்டது.

இப்போது அவ்வளவு பெரிய உடைப்பு எதுவும் இல்லை, சரி. ஆனால் நிரல்களைப் பொதிகட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸைப் பாருங்கள்: 3.10, 3.11 இரண்டிலும் எச்சரிக்கை, 3.12-இல் ஆளே இல்லை. 3.13-இல் மொழியோடு சேர்ந்தே வந்த சிஜிஐ, டெல்நெட்லிப் என்று 19 தொகுதிகள் ஒரே நாளில் போயின.

"முன்பே எச்சரித்தோமே" என்பீர்கள். அந்த எச்சரிக்கை, நாம் நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால்தான் திரையில் தெரியும். நூலகத்துக்குள் எழுந்தால் வழக்கமான அமைப்பில் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டுகிறவர் பார்த்துவிடுவார். என்றோ எழுதிய ஸ்கிரிப்ட்டை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஏற்பாட்டில்) போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர் எங்கே பார்ப்பது?

நீங்கள் காது கொடுக்காதவர்கள் அல்ல. வகைக் குறிப்புகளின் (ஒரு மதிப்பு எண்ணா, சரமா என்று நிரலில் எழுதுபவற்றின்) மதிப்பீட்டைத் தள்ளிப்போடும் மாற்றத்தை 3.10-இல் இயல்பாக்க இருந்தீர்கள். 2021-இல் அந்தக் குறிப்புகளை நம்பியிருக்கும் பைடான்டிக் நூலகத்தின் தரப்பு முறையிட்டதும் நிறுத்திவைத்தீர்கள். பெரிய நூலகம், அதனால் குரல் எட்டியது. சின்ன நூலகத்துக்காரருக்கு விதிதான் துணை.

மாற்று வழியைத் தந்த பிறகு ஐந்து ஆண்டு பொறுத்தால், பராமரிப்பில் இருக்கும் மிகப் பழைய பதிப்பிலும் அந்த வழி இருக்கும். பதிப்பு எண்ணைப் பார்த்துக் கிளை பிரிக்கும் 'இஃப்' வரிகள் எங்கள் நிரலில் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு பைத்தான் நிரலர்