பாப்பாவுக்கு, அந்த ஃபாஸ்ட் கார் பாட்டு பத்தி

பாப்பா,

சாப்டியா. குட்டிக்கு சளி விட்டுச்சா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி அப்டியே தான் இருக்கு, அத விடு.

போன வாரம் நீ ஸ்டேட்டஸ்ல ட்ரேசி சாப்மன் பாட்டு வச்சிருந்த, ஃபாஸ்ட் கார். காலைல பாத்தேன், மத்தியானம் திரும்ப கேக்கலாம்னு எடுத்தா காணோம், நீயே எடுத்துட்ட போல. ஏன் எடுத்தன்னு நான் கேக்கல. ஆனா அதுலேந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. போன்ல பேசினா "எல்லாம் ஓகேப்பா"ன்னு சொல்லிட்டு குட்டி கையில போன குடுத்துடுவ, அதான் எழுதுறேன். பொறுமையா படி.

அந்த பாட்டு எனக்கு எப்டி வந்துச்சுன்னு உனக்கு தெரியும், இருந்தாலும் சொல்றேன். 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், மனித உரிமைக்காக பேசுற ஆம்னெஸ்டிகாரங்க உலகம் பூரா நடத்துன கச்சேரி அன்னைக்கு டெல்லிக்கு வந்துச்சு. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல்னு பெரிய ஆளுங்க, ஆஃபீஸ் பசங்க எல்லாம் அவங்களுக்காகத்தான் வந்தாங்க, நானும் அப்டித்தான் போனேன். நடுவுல இந்த ட்ரேசி, 24 வயசுல ஒரு பொண்ணு, கையில ஒரு கிடார், பின்னாடி பேண்டு கிடையாது. அந்த வருஷம் ஏப்ரல்ல தான் அவளோட மொத ஆல்பமே வந்திருந்துச்சு. நம்மாளுங்க அவ்ளோ பேரும் பேச்ச நிறுத்திட்டு கேட்டாங்க. அப்புறம் தான் கேசட் வாங்குனேன், நீ பொறந்தப்புறமும் அதே கேசட் தான் நம்ம வீட்ல ஓடிட்டு இருந்துச்சு.

அதே வருஷம் ஜூன்ல லண்டன்ல நடந்ததும் உனக்கு சொல்லிருக்கேன். மண்டேலாவுக்கு 70 வயசு ஆகுதுன்னு வெம்ப்ளி ஸ்டேடியத்துல விழா, அவர் அப்போ ஜெயில்ல இருக்கார். இவ மொதல்லயே கொஞ்ச நேரம் பாடிட்டு போய்ட்டா. ஸ்டீவி வொண்டரோட கீபோர்டு சத்தமெல்லாம் இருந்த டிஸ்க்க காணோம்னு அவர் மேடை ஏறாம கிளம்பிட்டார், அந்த காலி நேரத்துக்கு இவள திரும்ப கூப்ட்டாங்க, இவளும் போய் நின்னு இந்த பாட்ட பாடுனா. அதுக்கப்புறம் ஆல்பம் விக்கிற வேகமே மாறிப்போச்சு, அமெரிக்கால இந்த பாட்டு 6வது எடம் வரைக்கும் போச்சு. க்ளீவ்லேண்ட்ல தனியா நின்னு அவள வளத்த அம்மா, மூணு வயசுல மகளுக்கு ஒரு யுகுலேலி, அதான் குட்டி கிடார் மாதிரி இருக்குமே, அத வாங்கி குடுத்தாங்க. அந்த அம்மாவ நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். கையில காசு இல்லாதப்பவும் பொண்ணுக்கு எது வேணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

நாங்க பாஸ்டன் வந்தப்ப நீ ஹார்வர்ட் ஸ்கொயர் கூட்டிட்டு போன இல்ல, டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில படிச்சுகிட்டே அவ இங்க தான்ப்பா தெருவுல நின்னு பாடுனான்னு எனக்கே நீ சொல்லி குடுத்த. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. அன்னைக்கு மாப்ள வண்டி எடுத்துட்டு வரேன்னு சொன்னார், வரல, நாம ட்ரெயின்ல போனோம். நீ வழி பூரா பேசிகிட்டே வந்த.

அந்த பாட்ட இப்போ திரும்ப உக்காந்து கேட்டேன் பாப்பா. சின்ன வயசுல அது ஊர விட்டு ஓடுற பாட்டுன்னு நினைச்சேன். ஒரு பொண்ணு, அப்பன் குடிகாரன், அம்மா விட்டுட்டு போய்ட்டா, இவ படிப்ப நிறுத்திட்டு அப்பன பாத்துக்குறா, அப்புறம் ஒரு பையனோட கார்ல ஏறி டவுனுக்கு போறா. கிடார் ஒரே மாதிரி சுத்தி சுத்தி வரும், ட்ரம்ஸ் அடிச்சு எழும்புறது எங்கன்னா அந்த கார்ல வேகமா போன பழைய ராத்திரி ஞாபகம் வர்ற எடத்துல. அது முடிஞ்சா திரும்ப அடங்கிடும், திரும்ப வேலை, பில்லு, வாடகை. சந்தோஷம் எல்லாம் அந்த ஒரு ராத்திரியில தான் இருக்கு, நடக்குற வாழ்க்கையில இல்ல.

கடைசி பகுதி வரும்போது வேலைக்கு போறது அவ, வீட்டு பில்லு எல்லாம் கட்டுறது அவ, அவன் பார்ல உக்காந்திருக்கான், பிள்ளைங்கள விட ஃப்ரெண்ட்ஸ தான் அதிகமா பாக்குறான். அப்போ அவ அழுவல, சண்டையும் போடல. கார எடுத்துக்கோ, நீ போறதுன்னா போன்னு சொல்லிட்டா. இத்தனை வருஷத்துல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், அந்த எடத்த இந்த தடவ தான் நிறுத்தி நிறுத்தி கேட்டேன்.

குட்டி போன ஞாயித்துக்கிழமை என்கிட்ட ஒன்னு சொன்னான். ராத்திரி அம்மா என்னையும் எழுப்பி கார்ல போட்டுட்டு அப்பாவ கூட்டிட்டு வர போனாங்க, பனி பேஞ்சுச்சுன்னு. அவன் சும்மா கதை மாதிரி தான் சொன்னான், அவன திட்டிடாத. பாப்பா, ராத்திரி பனியில வண்டி எடுக்காத. யாரா இருந்தாலும் டாக்ஸி பிடிச்சு வரட்டும். நீ காலைல ஆறு மணிக்கு லேபுக்கு போறவ, தூக்கம் இல்லாம ஸ்டியரிங் பிடிக்காத.

நீ கெட்டிக்காரி, எனக்கு தெரியும். நம்ம தெருவுல உன்ன மாதிரி தனியா ஒரு குடும்பத்த தூக்கி நிறுத்துன பொண்ணு யாரு. ஆனா கெட்டிக்காரின்னா எல்லாத்தையும் தனியாவே சுமக்கணுமா. ரெண்டு மாசமா வீடியோ கால்ல கேமராவ ஆன் பண்ண மாட்டேங்கற, அம்மா கேட்டா நெட் சரியில்லங்கற, குட்டி பேசும்போது மட்டும் நெட் நல்லா இருக்கு. அம்மா ஒன்னும் சொல்றதில்ல, ஆனா ராத்திரி எழுந்து உக்காந்துக்குறா. திருச்சி பெரியம்மா கதை உனக்கு தெரியும், ஊர் என்ன சொல்லும்னு அவங்க பாத்தாங்க, அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். ஊர் என்ன சொல்லும்னு இந்த வீட்ல யாரும் கேக்க மாட்டோம். அம்மா கிட்டயும் பேசிட்டேன்.

2024 ஃபிப்ரவரில கிராமி விருது மேடையில ட்ரேசி, லூக் கோம்ப்ஸ்னு அந்த கன்ட்ரி பாட்டு பாடுற பையனோட சேந்து பாடுனத நீ தான் எனக்கு அனுப்புன. அந்த பையன் சின்ன வயசுல அவங்கப்பாவோட ட்ரக்ல கேட்ட பாட்டு அது, அவன் பாடி அந்த பாட்டு திரும்ப 2வது எடம் வரைக்கும் வந்துச்சு. அவ நரைச்ச முடியோட அதே கிடார் வரிய ஆரம்பிச்சா, ஜனங்க சத்தம் போட்டதும் சிரிச்சா பாரு. அந்த சிரிப்பு உனக்கும் உண்டு, நான் பாத்திருக்கேன். இப்ப பாத்து ரொம்ப நாளாச்சு.

சம்பளத்துல கொஞ்சம் உன் பேர்ல மட்டும் தனியா போடு. வண்டி யார் பேர்ல இருக்குன்னு பாத்து வை. ராத்திரி பனியில வண்டி எடுக்காத, திரும்ப சொல்றேன்.

மாடி ரூமுக்கு பெயிண்ட் அடிச்சாச்சு, ஏசியும் போட்டாச்சு. அத்தை கேட்டதுக்கு லீவுக்கு குட்டி வருவான்னு மட்டும் சொல்லிருக்கேன், எத்தனை நாளுன்னு சொல்லல. குட்டி பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாரு, சின்ன பசங்களுக்கு அங்க 5 வருஷம் தானே. புதுசு எடுக்க அப்பா அம்மா ரெண்டு பேர் சம்மதமும் வேணுமாம், அத தள்ளிப்போடாம இந்த மாசமே முடிச்சிடு. டிக்கெட் நான் போடுறேன், தேதி மட்டும் சொல்லு.

அப்பா